தூக்கமின்மைக்குச் சரியான தெரபிஸ்டைக் கண்டுபிடிப்பது எப்படி: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

தூக்கம் வரவில்லை என்று தெரபிஸ்டைத் தேடுகிறவர்கள் இடறுவது, நான் பார்த்தவரை, ஒரே இடத்தில்தான். எடுத்த எடுப்பில் ஆளைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் மூன்று இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்தால், சில மாதங்களும் கணிசமான பணமும் போன பிறகு, "காபியைக் குறையுங்கள், படுக்கையில் போன் பார்க்காதீர்கள்" என்ற அறிவுரையோடு திரும்பி வர வேண்டியிருக்கும். அந்த அறிவுரை ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, அதனால்தானே தெரபிஸ்டைத் தேடுகிறீர்கள்.

கீழே இருப்பதை இதே வரிசையில் செய்யுங்கள். ஒன்று மட்டும் விதிவிலக்கு: தூக்கம் இல்லாமல் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் இந்தப் பட்டியலெல்லாம் அப்புறம், இன்றே யாரிடமாவது சொல்லிவிட்டு அவசர மருத்துவ உதவிக்குப் போங்கள்.

1. உங்களுடையது எந்த வகைச் சிக்கல் என்று பிரியுங்கள்

"தூக்கப் பிரச்சினை" என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் பல சிக்கல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய கதவு வேறு.

படுக்கப் போதிய நேரம் இருந்தும் தூக்கம் பிடிக்க வெகுநேரமாகிறது, அல்லது நடுவில் விழித்தால் மறுபடி வருவதில்லை, அல்லது விடியும் முன்பே முழிப்பு வந்துவிடுகிறது. இதனால் பகல் வேலையும் கெடுகிறது. இப்படி வாரத்துக்கு மூன்று இரவாவது, மூன்று மாதமாக நடந்தால் அதுதான் நாள்பட்ட தூக்கமின்மை. தெரபிஸ்ட் முழுப் பயன் தருவது இதற்குத்தான்.

இரவு இரண்டு மூன்று மணிக்கு முன் தூக்கமே வராது, ஆனால் விடுமுறை நாளில் எழுப்பாமல் விட்டால் பத்து பதினோரு மணிவரை அருமையாகத் தூங்குகிறீர்களா? அது உடலின் கடிகாரம் தள்ளிப்போன நிலை. அதற்குக் காலை வெளிச்சத்தையும் தேவைப்பட்டால் மெலடோனினையும் (இரவாகிவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் ஹார்மோன்) சரியான நேரத்தில் பயன்படுத்தும் சிகிச்சை உண்டு, அதைத் தெரிந்தவரிடம் போக வேண்டும். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி, உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குவது என்றால் ஸ்லீப் அப்னியா சந்தேகம், அது டாக்டர் வேலை. படுத்ததும் கால்களை அசைக்காமல் இருக்க முடியாத ஒரு தொந்தரவு, எழுந்து நடந்தால் குறைகிறது என்றாலும் டாக்டர்தான். திரும்பத் திரும்பக் கெட்ட கனவு வந்து எழுப்பினால், கனவின் கதையைப் பகலில் மாற்றி ஒத்திகை பார்க்கும் தனிச் சிகிச்சை ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இவை ஒன்றுக்கு மேல் சேர்ந்தும் இருக்கலாம். தூக்கமின்மையும் அப்னியாவும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வமே இல்லை.

தொடங்கிச் சில வாரம்தான் ஆகிறது, காரணமும் தெரிகிறது (ஒரு மரணம், வேலை மாற்றம், கைக்குழந்தை) என்றால் தெரபிஸ்டுக்கு இப்போதே அவசரம் இல்லை. இழந்த தூக்கத்தை ஈடுகட்ட ஒன்பது மணிக்கே படுப்பது, காலையில் எட்டுவரை புரள்வது, மதியம் இரண்டு மணிநேரம் சாய்வது, இவற்றை மட்டும் ஆரம்பிக்காதீர்கள். காரணம் தீர்ந்த பிறகும் தூக்கமின்மையைப் பிடித்து வைத்துக்கொள்வது இந்தப் பழக்கங்கள்தான்.

2. தெரபிஸ்டுக்கு முன் ஒரு டாக்டர்

உடலில் காரணம் இருக்கும்போது மனப் பயிற்சி எவ்வளவு செய்தாலும் பாதிக்கிணறுதான் தாண்டும். தைராய்டு மிகையாகச் சுரப்பது, இரவில் பலமுறை சிறுநீர், நெஞ்செரிச்சல், நாள்பட்ட வலி, இரும்புச்சத்துக் குறைவு ஆகியவை தூக்கத்தைக் கெடுக்கும். கால் தொந்தரவு இருந்தால் ஃபெரிட்டின் (உடல் சேமித்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவும் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எடுக்கும் எல்லா மருந்தையும், எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள் என்பதோடு எழுதிக்கொண்டு போங்கள். ஸ்டீராய்டு, சில மூக்கடைப்பு மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள் தூக்கத்தைத் தள்ளிப்போடும். சில சமயம் இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். ஆனால் அதை டாக்டர் மாற்ற வேண்டும், நீங்கள் அல்ல.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: "எனக்கு இரவு முழுக்க வயர் மாட்டிச் செய்யும் ஸ்லீப் டெஸ்ட் எழுதிக் கொடுங்கள்" என்று போய் நிற்பது. வெறும் தூக்கமின்மைக்கு அது வழக்கமாகத் தேவையில்லை. தூக்கமின்மையைக் கண்டறிவது பெரும்பாலும் கேள்விகள் மூலமும் டைரி மூலமும்தான். அப்னியா போன்ற சந்தேகம் இருந்தால் டாக்டரே எழுதித் தருவார்.

3. இரண்டு வாரம் தூக்க டைரி எழுதுங்கள்

இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். ஆனால் முதல் செஷனில் தெரபிஸ்ட் கேட்கப்போவது இதையே. வெறுங்கையோடு போனால், "டைரி எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிடுவார், ஒரு செஷன் ஃபீஸ் அதற்கே சரியாகிவிடும்.

காலையில் எழுந்ததும் இரண்டு நிமிடத்தில் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், தூங்க முயன்றது எப்போது, தூங்க ஏறக்குறைய எவ்வளவு நேரம் ஆனது, நடுவில் எத்தனை முறை, மொத்தம் எவ்வளவு நேரம் விழிப்பு, கடைசியாக விழித்தது எப்போது, படுக்கையை விட்டு இறங்கியது எப்போது. கூடவே முந்தைய நாள் குட்டித்தூக்கம், காபி டீ, மது, மாத்திரை. அவ்வளவுதான்.

ஒரு இரவை எடுத்துப் பார்ப்போம். பத்தரைக்குப் படுத்தாயிற்று. பன்னிரண்டு மணிக்குத்தான் தூக்கம் வந்தது. மூன்று மணிக்கு விழித்து, மறுபடி கண் மூட நாலேகால் ஆனது. ஆறு மணிக்கு முழிப்பு, ஆனால் ஏழு வரை படுக்கையிலேயே. படுக்கையில் இருந்தது 8 மணி 30 நிமிடம், அதாவது 510 நிமிடம். தூங்கியது 285 நிமிடம். 285ஐ 510ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் சுமார் 56 சதவீதம். இதற்குப் பெயர் தூக்கத் திறன். பொதுவாக 85 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது என்பார்கள். "நான் தூங்குவதே இல்லை" என்று சொல்வதைவிட இந்த ஒரு எண் தெரபிஸ்டுக்கு ஆயிரம் மடங்கு உதவும்.

இரவில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குறிக்காதீர்கள். உத்தேசமாக எழுதினால் போதும், துல்லியம் பார்க்கப் போனால் அந்தப் பதற்றமே விழிக்க வைக்கும். கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் தரும் எண்ணை டைரிக்குப் பதிலாக வைக்காதீர்கள். அசையாமல் விழித்துக் கிடப்பதையும் அது தூக்கம் என்று கணக்கெழுதிவிடக்கூடும். காலையில் நன்றாக எழுந்தவர் வாட்ச்சைப் பார்த்து, "ஓ, நான் சரியாகத் தூங்கவில்லையா" என்று சோர்ந்துபோவதையும் பார்த்திருக்கிறேன்.

இதோடு இன்சோம்னியா சிவியாரிட்டி இன்டெக்ஸ் என்ற ஏழு கேள்விப் படிவத்தையும் நிரப்பி வையுங்கள். 0 முதல் 28 வரை மதிப்பெண். 15ஓ அதற்கு மேலோ வந்தால் சிகிச்சை தேவைப்படும் அளவு என்று எடுத்துக்கொள்ளலாம். சிகிச்சையின் நடுவிலும் முடிவிலும் இதையே நிரப்பி ஒப்பிட வேண்டும் என்பதால் தேதி போட்டு வையுங்கள்.

4. என்ன சிகிச்சை வேண்டும் என்று தெரிந்துகொண்டு தேடுங்கள்

நீங்கள் தேட வேண்டிய பெயர் சிபிடி-ஐ (CBT-I). தூக்கமின்மைக்கென்றே அமைத்த, சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றும் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்களுக்கு மாத்திரைக்கு முன்னால் முதலில் தர வேண்டியது இதுதான் என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2016இல் பரிந்துரைத்தது, ஐரோப்பிய வழிகாட்டுதல்களும் அதையே சொல்கின்றன.

அதில் என்ன இருக்கும் என்று தெரிந்தால்தான் எதிரே இருப்பவர் அதைச் செய்கிறாரா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியும். படுக்கையில் இருக்கும் நேரத்தை, உண்மையில் தூங்கும் நேரத்துக்கு நெருக்கமாகச் சுருக்குவது ஒன்று. தூக்கம் வந்தால் மட்டும் படுக்கை, வராவிட்டால் எழுந்து வேறிடம் போவது, எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது என்ற விதிகள் இன்னொன்று. "இன்றைக்கும் தூங்காவிட்டால் நாளை அவ்வளவுதான்" என்பது போன்ற எண்ணங்களை எடுத்துப் பரிசோதிப்பதும், உடலைத் தளர்த்தும் பயிற்சியும் அதற்கடுத்தவை. காபி, வெளிச்சம், அறைச்சூடு பற்றிய குறிப்புகள் கடைசியில் ஓரமாக வரும். அந்தக் குறிப்புகளை மட்டும் தனிச் சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றே அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஸ்லீப் மெடிசின் 2021இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பல இடங்களில் "தூக்கச் சிகிச்சை" என்ற பெயரில் கிடைப்பது அது மட்டும்தான்.

பட்டத்தைப் பொறுத்தவரை, பயிற்சி பெற்ற உளவியல் நிபுணர், மனநல மருத்துவர், கவுன்சலர், நர்ஸ் என்று யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைவிட இந்தக் குறிப்பிட்ட சிகிச்சையில் பயிற்சி உண்டா என்பதே முக்கியம்.

5. எங்கே தேடுவது

முதலில் உங்கள் டாக்டரிடமே கேளுங்கள், ஆனால் "நல்ல கவுன்சலர் இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். "தூக்கமின்மைக்குச் சிபிடி-ஐ செய்கிறவர் யாராவது தெரியுமா" என்று கேளுங்கள். அப்புறம் தூக்கச் சிகிச்சை மையங்களுக்குப் போன் செய்து, அவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் உளவியல் நிபுணர் உண்டா என்று விசாரியுங்கள். மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுகளில் ஃபீஸ் குறைவாக, மேற்பார்வையில் பயிற்சி பெறுகிறவர்களிடம் பார்க்க வாய்ப்பிருக்கும். இதில் குறையொன்றும் இல்லை, சிகிச்சை முறை வரையறுக்கப்பட்டது என்பதால் கவனமாக இருந்தால் பயிற்சி பெறுகிறவரும் நன்றாகவே செய்வார்.

இணையத்தில் சொசைட்டி ஆஃப் பிஹேவியரல் ஸ்லீப் மெடிசின் அமைப்பிடம் தெரபிஸ்ட் பட்டியல் இருக்கிறது. பொதுத் தெரபிஸ்ட் பட்டியல்களில் "தூக்கம்" என்று வடிகட்டித் தேடினால் நூற்றுக்கணக்கில் வரும், ஆனால் பலர் வெறுமனே அந்தப் பெட்டியில் டிக் போட்டவர்கள். பதட்டம், திருமணம், குழந்தை வளர்ப்பு, போதை, தூக்கம் என்று இருபது துறைகளில் ஒருவரே நிபுணர் என்றால் நான் அடுத்த பெயருக்குப் போய்விடுவேன்.

வீடியோ அழைப்பில் செய்தாலும் பலன் கிடைக்கிறது, ஊர் தூரம் என்று தள்ளிப்போட வேண்டாம். இந்தச் சிகிச்சையில் கையில் டைரியும் எதிரே கேட்க ஒரு ஆளும் இருந்தால் போதும்.

6. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

மூன்று நான்கு பேருக்கு ஒரே செய்தியை அனுப்புங்கள். ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் வாரங்கள் ஓடிவிடும். செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம். ஏழு மாதமாக வாரத்தில் நான்கைந்து இரவு தூக்கம் சரியில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டேன், இரண்டு வார டைரி கையில் இருக்கிறது. தூக்கமின்மைக்கான சிபிடி-ஐ நீங்கள் செய்கிறீர்களா? எங்கே பயிற்சி எடுத்தீர்கள்? வழக்கமாக எத்தனை செஷன் ஆகும், ஃபீஸ் எவ்வளவு?"

பதில் வந்த பிறகு பத்து நிமிடம் போனில் பேசக் கேளுங்கள். அப்போது இவற்றைக் கேட்கலாம்.

"படுக்கையில் இருக்கும் நேரத்தைச் சுருக்கும் முறையைச் செய்வீர்களா?" இதுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும் கேள்வி. தெரிந்தவர், "ஆமாம், டைரியைப் பார்த்துக் கணக்கிடுவோம், முதல் இரண்டு வாரம் பகலில் களைப்பு அதிகமாக இருக்கும், வண்டி ஓட்டுவதில் கவனம் வேண்டும்" என்பதுபோல உடனே விவரம் சொல்வார். தெரியாதவர், "அதெல்லாம் போகப் போகப் பார்க்கலாம், முதலில் மனதை அமைதிப்படுத்துவோம்" என்று நழுவுவார்.

"எத்தனை செஷன்?" வழக்கமாக 4 முதல் 8 வரை. "சொல்ல முடியாது, ஒரு வருடம்கூட ஆகலாம்" என்றால் அவர் நினைப்பது வேறு சிகிச்சை. அது கெட்டது என்று சொல்லவில்லை, நீங்கள் தேடியது அதுவல்ல.

"நான் தூக்க மாத்திரை எடுக்கிறேன், பரவாயில்லையா?" மாத்திரையோடும் சிகிச்சையைத் தொடங்கலாம். எழுதிக் கொடுத்த டாக்டரோடு பேசி மெதுவாகக் குறைக்கலாம் என்று சொல்பவரே சரி. "இன்றே நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று சொல்பவரிடம் போகாதீர்கள். பென்சோடயசெபின் வகை மாத்திரைகளைப் பல வாரம் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் மேலும் கெடுவது மட்டுமல்ல, வலிப்புகூட வரலாம்.

உங்களுக்கு இருமுனை மனநோய், வலிப்பு நோய், தூக்கத்தில் நடக்கும் பழக்கம், சிகிச்சை எடுக்காத அப்னியா இவற்றில் ஏதாவது இருந்தால் அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே சொல்லுங்கள். லாரி ஓட்டுவது, இயந்திரத்தில் நிற்பது போன்ற வேலை என்றாலும் சொல்லுங்கள். தூக்க நேரத்தைச் சுருக்குவது இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு மனக்கிளர்ச்சியைத் தூண்டலாம், வலிப்பு உள்ளவர்களுக்கு வலிப்பைக் கிளப்பலாம். இவர்களுக்குச் சிகிச்சையை மாற்றி அமைக்கத் தெரிந்தவர் வேண்டும்.

உத்தரவாதம் தருகிறவர், தன்னிடமே விற்கும் மாத்திரையையும் எண்ணெயையும் சேர்த்து வாங்கச் சொல்கிறவர், ஒரே அமர்வில் தீர்த்துவிடுவேன் என்கிறவர் யாராக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள்.

7. முதல் செஷன்

டைரி, மருந்துப் பட்டியல், டாக்டர் தந்த ரிப்போர்ட்டுகள், நிரப்பிய படிவம். முடிந்தால் பக்கத்தில் படுப்பவரிடம் குறட்டை, கால் உதைப்பு பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள், நமக்கே தெரியாத விஷயம் அது.

நல்ல தெரபிஸ்ட் முதல் செஷனில் நிறையக் கேட்பார்: எப்போது ஆரம்பித்தது, அதற்குப் பிறகு என்னென்ன பழக்கம் மாறியது, படுக்கையில் வேறென்ன செய்கிறீர்கள், பகலில் எப்படி இருக்கிறது, மனச்சோர்வு உண்டா. டைரியைத் திறக்கவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். வெளியே வரும்போது "இந்த வாரம் இதைச் செய்ய வேண்டும்" என்று குறிப்பாக ஒன்றாவது கையில் இருக்க வேண்டும்.

8. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் ஓடிவிடாதீர்கள்

பலர் விட்டுப்போவது இங்கேதான். மேலே பார்த்த ஆளையே எடுத்துக்கொள்வோம். சராசரியாக நாலே முக்கால் மணிநேரம் தூங்குகிறவர். தெரபிஸ்ட் அவருக்கு இரவு ஒரு மணி முதல் காலை ஆறரை வரை மட்டும் படுக்கை என்று வைப்பார். ஐந்தரை மணிநேரம். பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை மணிநேரத்துக்குக் கீழே இறக்க மாட்டார்கள். "தூக்கம் இல்லை என்று வந்தால் படுக்கவே விடமாட்டேன் என்கிறாரே" என்று கோபம் வரும், நியாயம்தான்.

ஆனால் விழித்திருக்கும் நேரம் கூடக்கூடத் தூக்கத்துக்கான அழுத்தமும் கூடும். சில நாளில் படுத்ததும் தூக்கம் பிடிக்கும், நடுவில் விழிப்பது குறையும். தூக்கத் திறன் 85, 90 சதவீதத்தை எட்டியதும் படுக்கை நேரத்தை வாரத்துக்குப் பதினைந்து நிமிடம்போலக் கூட்டிக்கொண்டே போவார்கள். களைப்பு அதிகமாவது முறை வேலை செய்யத் தொடங்கியதன் பக்கவிளைவு. அந்த நாட்களில் நீண்ட தூரம் வண்டி ஓட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். பெரிய பரீட்சை, கல்யாணம், பயணம் இருக்கும் வாரத்தில் தொடங்காதீர்கள்.

இன்னொரு தவறு ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாள் ஆறரைக்கு எழுந்துவிட்டு ஏழாம் நாள் ஒன்பதரை வரை தூங்கினால் அன்று இரவு தூக்கம் தள்ளிப்போகும், திங்கட்கிழமையிலிருந்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

9. எப்போது ஆளை மாற்றுவது

நான்கு செஷன் ஆகியும் படுக்கை நேரத்தைப் பற்றிப் பேச்சே வரவில்லை, டைரியைப் பார்ப்பதில்லை, வீட்டுவேலை தருவதில்லை என்றால் நேராகக் கேளுங்கள். தெளிவான பதில் இல்லை என்றால் மாறிவிடுங்கள். தெரபிஸ்டின் மனம் நோகுமே என்று இழுத்துக்கொண்டு போவதில் பயன் இல்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் அசையவில்லை என்றால் முதலில் 1, 2ஆம் படிகளுக்குத் திரும்புங்கள். தவறவிட்ட அப்னியாவோ, தள்ளிப்போன கடிகாரமோ, சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வோ இருக்கலாம்.

10. ஆள் கிடைக்கவே இல்லை என்றால்

காத்திருக்கும் மாதங்களைச் சும்மா விட வேண்டாம். ஆப் வழியாகவும் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை வெளியிட்ட இன்சோம்னியா கோச் இலவசம், நீங்களே செய்துகொள்ளலாம். அதே துறையின் சிபிடி-ஐ கோச் தெரபிஸ்டோடு சேர்த்துப் பயன்படுத்த. ஸ்லீப்பியோ என்ற டிஜிட்டல் திட்டத்தை இங்கிலாந்தில் சிகிச்சைகளை மதிப்பிட்டு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2022இல் பரிந்துரைத்தது. இவையெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். 6ஆம் படியில் சொன்ன நோய்கள் உள்ளவர்கள் ஆப் வைத்துத் தனியாக நேரத்தைச் சுருக்க வேண்டாம்.

11. முடிக்கும் செஷனில் ஒரு தாள் எழுதிக்கொள்ளுங்கள்

தூக்கம் சரியான பிறகும் எப்போதாவது ஒரு மோசமான வாரம் வரும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெரபிஸ்டோடு உட்கார்ந்து உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை இரவு கெட்டால் டைரியை மறுபடி ஆரம்பிப்பது, எந்த நேரத்துக்குப் படுக்கையைச் சுருக்குவது, எந்த நிலையில் அவருக்கே போன் செய்வது. இல்லாவிட்டால் அந்த வாரத்தில் கை தானாக மாத்திரைக்கும் ஒன்பது மணிப் படுக்கைக்கும் போகும். எழுதிய தாளைப் படுக்கையறையில் ஒட்டாதீர்கள், வேறு அறையில் வையுங்கள்.